மூலைத் தறி நின்றபோது

என் கண்ணு,

உறையின் மேலிருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து, இது யார் எழுதியது என்று நீ திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான் எழுதினேன். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நம் தெருத் தையல்காரர் எழுதினார். நான் என்ன சொன்னாலும் முதல் வரியில் 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று போட்டுவிட்டுத்தான் மேலே போவார். இவ்விடத்தில் நான் ஒருவன்தானே இருக்கிறேன் என்றால், "கடுதாசின்னா அப்படித்தானுங்க எழுதோணும்" என்பார். இது என் சொந்தக் கடிதம் என்பதால் உள்ளபடி எழுதுகிறேன். இவ்விடம் நான் ஒருவன் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

நான் எழுதப் படிக்கப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் மரகதம் என்கிற பிள்ளை என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. "ஏனுங்கய்யா, ழகரத்துக்கு வாலெங்கீங்க? வாலில்லாத மாட்டை வண்டியில பூட்டுவீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறது. நான் வீட்டுக்கு வந்து சிலேட்டு முழுக்க ழகரமாகப் போட்டு வால் வால் என்று இழுத்தேன். கண்ணு, இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் ஒரு மனிதனுக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பொரி கட்டி வருகிற காகிதத்தைப் படிக்கிறேன். மருந்துப் பாட்டிலைப் படிக்கிறேன். போன வாரம் கருமத்தம்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று, வருகிற பஸ் ஒவ்வொன்றின் பலகையையும் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல், "ஏனுங்க பெரியவரே, எந்த ஊருக்குங்க போகோணும்?" என்று கேட்டார். "எங்கயும் போகலீங்க, படிச்சுட்டு இருக்கறேன்" என்றேன். அவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இந்தச் சந்தோஷத்துக்காக மட்டும் நான் படிக்கப் போகவில்லை. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தையல்காரரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. நேரில் சொல்லலாம் என்று பல தடவை வாயைத் திறந்தேன், வரவில்லை. என் கையால் எழுதினால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. அந்த விஷயத்துக்காகத்தான் 'அ'னாவிலிருந்து ஆரம்பித்தேன். எழுத்து வந்த பிறகும் மாதக்கணக்கில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். போன மாதம் நீ வந்திருந்தபோது நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

உன் பழைய இங்கிலீஷ் நோட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் வலப்பக்கம் இருக்கும் தமிழை மட்டும் நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் சொற்களுக்கு நேராக நீ 'கேட்பது' என்று ஒரே அர்த்தம் எழுதியிருந்தாய். "ஏங்கண்ணு, இங்கிலீஷ்காரன் வேலையில்லாமயா ஒரே சோலிக்கு ரெண்டு வார்த்தை வெச்சிருக்கறான்?" என்று கேட்டேன். நீ எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "அது ஒம்பதாவதுல தெரியாம எழுதிப்போட்டதுங்கப்பா. ஹியர் வேற, லிசன் வேற" என்றாய். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. "அந்த மிக்சி சத்தம் நாம வேண்டாம்னாலும் தானா வந்து காதுல உழுகுதுங்கல்ல, அது ஹியர். இப்ப நான் பேசறதை நீங்க தலையைச் சாச்சு, மனசை வெச்சுக் கேக்கறீங்கல்ல, அது லிசன். ஒண்ணு காது செய்யறது. இன்னொண்ணு நாம செய்யறது" என்றாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீ எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுப்பாய் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையிலேயே நான் இருந்தபோதுதான் நீ குரலைத் தணித்து அடுத்ததைச் சொன்னாய். "அம்மா விசயத்துல நீங்க இன்னும் மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கறது எனக்குத் தெரியுமுங்கப்பா. உங்க காதுலயே உழுகலை. ஹியரே ஆகாதப்ப, லிசன் பண்ணலைன்னு உங்களை யாருங்க குத்தம் சொல்ல முடியும்?" நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

நான் திரும்பி வந்ததும் நீ மற்றதையும் சொல்லிவிட்டாய். கல்யாணம் முடிந்ததும் நானும் உங்களோடு பீளமேட்டுக்கு வந்துவிட வேண்டும், மாப்பிள்ளையிடம் பேசியாகிவிட்டது, அவரும் சரி என்றுவிட்டார் என்றாய். "அம்மா ஆளில்லாம போனாப்புல நீங்களும் போகக்கூடாதுங்க" என்றாய். நான் "பாக்கலாம் கண்ணு" என்றேன். அது எனக்குப் பிடிக்காததால் வந்த பேச்சில்லை. உன் வீட்டில் உட்கார்ந்து நீ போடும் சோற்றைத் தின்ன எனக்கு ஆசைதான். ஆனால் நீ கூப்பிடுவது உனக்குத் தெரிந்த அப்பனை. அவன் நான் இல்லை. நான் யார் என்று தெரிந்த பிறகு நீ கூப்பிட வேண்டும், அல்லது கூப்பிடாமல் விட வேண்டும். இனி எழுதப் போவது அதைத்தான்.

நானும் உன் அம்மாவும் ஓட்டிய தறிக் குடோன் உனக்கு நன்றாகத் தெரியும். எட்டு விசைத்தறி. நான்கு எனக்கு, நான்கு அவளுக்கு. நான் என் தறிகளைப் பார்த்து நின்றால் அவள் தறிகள் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எட்டுத் தறியும் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் நாங்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொண்டோம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீயும் அப்படிப் பேசுவாய். ஆனால் உதட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஆள் திரும்ப வேண்டுமே. முதுகைக் காட்டி நிற்கிறவனை எப்படிக் கூப்பிடுவது? அதற்கு உன் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். அவளுடைய மூலைத் தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்திவிடுவாள். அந்தத் தறிக்கு நொண்டி நடக்கிற மாதிரி ஒரு தனிச் சத்தம் உண்டு. எட்டுச் சத்தத்தில் அந்த நொண்டிச் சத்தம் மட்டும் விடுபட்டால் என் காதுக்கு அது 'ஏனுங்க' என்று கூப்பிட்ட மாதிரி. உடனே திரும்புவேன். அவள் அங்கிருந்தே உதட்டை அசைப்பாள். பெரும்பாலும் வேலைக்காக இருக்காது. "மேஸ்திரி வேட்டி பின்னால கிழிஞ்சிருக்குது, பாருங்க" என்பாள். நான் சிரித்தால் மேஸ்திரி என்னை முறைப்பார். அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தறியை ஓட்டிவிடுவாள். இதை நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கும் இது தெரியாது என்று நினைக்கிறேன்.

நீ பத்தாம் வகுப்புக்குப் போக இருந்தபோது எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. சண்டை உன்னைப் பற்றித்தான். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொன்னேன். ஆம், கண்ணு, நான்தான் சொன்னேன். "அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட வருது அவளுக்கு. இதுக்கு மேல என்ன படிப்பு? படிச்சுக் கலெக்டராகப் போறாளாக்கும்?" என்றேன். உன் அம்மா, "கலெக்டராகாட்டிப் போவுதுங்க. பஸ்ஸுல போர்டைப் படிச்சு ஏறட்டும். நானும் நீங்களும் பஸ்ஸுக்கு பஸ் ஆளைக் கேட்டுட்டு நிக்கறாப்புல அவ நிக்க வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா நீயே தறி ஓட்டிப் படிக்க வெய்யி. என்ற மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டேன். நீ மாமன் ஊர்க் கோயில் நோம்பிக்குப் போயிருந்தாய், அதனால் இதெல்லாம் உன் காதுக்கு வரவில்லை. மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே குடோனுக்கு முன்னும் பின்னுமாக நடந்து போனோம். சோற்றுப் பாத்திரத்தை என் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். அந்த மூன்று நாளும் மூலைத் தறி நிற்கவே இல்லை. நான்தான் முதலில் திரும்ப வேண்டும் என்று அவளும், அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று நானும் இருந்தோம். இரண்டாம் நாள் அவள் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வலிக்கிற மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தறி போட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். மூலைத் தறி நின்றது.

எனக்குக் கேட்டது, கண்ணு. நொண்டிச் சத்தம் விடுபட்டது என் காதில் விழுந்தது. முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. நீ அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தை இருக்கிறதே, அது அந்த நிமிஷம் நடந்தது. இரண்டாவது வார்த்தைதான் நடக்கவில்லை. நான் திரும்பவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கடைசியில் நீதானே கூப்பிட்டாய், கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் கூப்பிடு என்று நினைத்தேன். என் தறியில் ஒரு பாவு நூல் அறுந்திருந்தது. அதை எடுத்து, எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாக முடிச்சுப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய இன்னொரு தறி நின்றது. பிறகு மூன்றாவது. பிறகு நான்காவதும் நின்றது. பாதிக் குடோன் ஓய்ந்துபோய் என் நாலு தறிச் சத்தம் மட்டும் தனியாக இருந்தது. அப்போதும் நான் திரும்பவில்லை. இவ்வளவு வீம்பா, நாலையும் நிறுத்திவிட்டு நிற்கிறாளா, நிற்கட்டும் என்று இருந்தேன்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரிதான் சத்தம் குறைந்தது தெரிந்து ஓடிவந்தார். "ஏனப்பா, பாதித் தறி நின்னு கெடக்குது, புருசனும் பொண்டாட்டியும் என்ன தூங்கறீங்களா?" என்று கத்திக்கொண்டு வந்தவர், அவள் பக்கம் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம்தான் நான் திரும்பினேன். உன் அம்மா மூலைத் தறியின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. முகம் என் பக்கம் பார்த்து இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சடைப்பு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். பிழைத்திருப்பாள் என்றிருந்தால் என்னை நானே ஏதாவது செய்துகொண்டிருப்பேன். சொல்ல முடியாது என்றதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

ஊர் முழுக்க வந்தது. எல்லோரும் கேட்டார்கள். "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தறிக்காரனுக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. நீ மாமன் ஊரிலிருந்து வந்து இறங்கினாய். அழக்கூடத் தெரியாமல் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கப்பா, அம்மா கூப்புடலீங்களா? உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்று கேட்டாய். "கேக்கலை கண்ணு" என்றேன். ஊரிடம் சொன்ன பொய்யை நான் பெரிதாக நினைக்கவில்லை. உன்னிடம் சொன்னதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது.

எனக்குள் ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சி, அந்தத் தாரில் நூல் தீர்ந்தாலும் தறி தானாக நின்றுவிடும் அல்லவா? அவள் கீழே உட்கார்ந்த பிறகு, மாற்ற ஆளில்லாமல் நான்கும் அப்படியே நின்றிருக்கலாம். அவள் என்னைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். அப்படி இருந்துவிடாதா என்று ஆசைப்பட்டேன். காரியம் முடிந்த மறுநாள் குடோனுக்குப் போனேன். துக்கத்துக்காகப் பூட்டியே வைத்திருந்ததால் யாரும் தறியைத் தொட்டிருக்கவில்லை. மூன்று தறியின் நாடாவை எடுத்துப் பார்த்தேன். தாரில் நூல் இல்லை, வெறும் குச்சி. மூலைத் தறியின் நாடாவை எடுத்தேன். தாரில் பாதிக்கு மேல் நூல் இருந்தது. கைப்பிடி இழுத்துவிடப்பட்டிருந்தது. இதை அன்று பார்த்தவன் நான் ஒருவன்தான். இப்போது நீயும் தெரிந்துகொண்டாய்.

அதற்குப் பிறகும் அதே குடோனில்தான் வேலை செய்தேன். வேறு எங்கே போவது? பின்னால் எந்தத் தறி நின்றாலும் என் தலை தானாகத் திரும்பிவிடும். நாடா மாற்றுவதற்காக நிறுத்தினாலும் திரும்புவேன். கூட வேலை செய்தவர்கள், "அண்ணன் கழுத்துல ஸ்பிரிங் வெச்சிருக்குதுடோய்" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இப்போது தறிக்குப் போவதில்லை, காதும் மந்தமாகிவிட்டது. ஆனாலும் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் திரும்பிப் பார்க்கிறேன். தெருவில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றால் திரும்பிப் பார்க்கிறேன். சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. சத்தம் நிற்கும்போதுதான் அவள் வருகிறாள். சுவர்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் அவள் உதட்டை அசைக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை. இருபது வருஷம் அவள் உதட்டைப் படித்தவன் நான். அந்த ஒரு பேச்சை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போகிற இடத்திலெல்லாம், 'எங்கப்பா ஒரு எழுத்துத் தெரியாதவர், ஆனா தறி ஓட்டியே என்னைப் படிக்க வெச்சார்' என்று சொல்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் சொன்னாய். அவர்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். உன்னைப் படிக்க வைத்தது என் நல்ல மனசு இல்லை, கண்ணு. பயம். உன் அம்மா கேட்ட கடைசி விஷயம் அது ஒன்றுதான். அதையும் செய்யாமல் விட்டால் அந்த நொண்டித் தறி என்னை விடாது என்று பயந்தேன். நீ ஒவ்வொரு வகுப்பாகத் தேறினபோது எனக்கு வந்த சந்தோஷம் மட்டும் பொய்யில்லை. ஆனால் கைகூப்ப வேண்டியது உன் அம்மாவைப் பார்த்து.

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. புத்தி சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் பெற்றவன் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மாப்பிள்ளை நல்லவர் மாதிரித்தான் தெரிகிறார். நானும் நல்லவன்தான் என்று ஊர் சொன்னது. சண்டை வரும். வந்தால் நன்றாகப் போடு, மனசில் வைத்துக்கொள்ளாதே. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இருந்துகொள். ஆனால் ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் திரும்ப வேண்டும் என்பதைச் சண்டைக்குள் கொண்டுவராதே. கோபத்தோடேயே திரும்பு. முறைத்துக்கொண்டே திரும்பு. திரும்பிப் பார்த்த பிறகு அது வீம்புக்குக் கூப்பிட்டது என்று தெரிந்தால் அப்போது திட்டிக்கொள்ளலாம். நான் இன்றைக்கு ஆசைப்படுவதெல்லாம் அது ஒன்றுதான். திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும், நான் ஏமாந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம். கல்யாணத்தில் நான் தாரை வார்க்க வேண்டாம், மாமனே வார்க்கட்டும் என்று நீ நினைத்தாலும் சரி. நான் கூட்டத்தில் ஒருவனாக வந்து, உன் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிறேன். பீளமேட்டுக்கு வர வேண்டாம் என்றாலும் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதிலை மளிகைக் கடைக்குப் போன் போட்டுச் சொல்லாதே. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார், நீயும் அவருக்காக நல்ல வார்த்தையாகப் பேசிவிடுவாய். எனக்கு அது வேண்டாம். எழுது. உனக்கு என்ன கோபம் வருகிறதோ அத்தனையும் எழுது. என் வயதைப் பார்த்துக் குறைத்து எழுதாதே. தையல்காரரிடம் கொண்டுபோக மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, எத்தனை நாள் ஆனாலும் முழுதும் நானே படிப்பேன்.

உன் அப்பன்